என் சிறுநீரகம் அக்காவிடம் இருந்த காலம்

அக்காவுக்கு எப்போதும் நான்தான் ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். மரக்காணம் பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் என் தையல் கடை இருக்கிறது. அக்காவை உள்ளூரிலேயே, உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா பாத்தியில் விளைந்த உப்பை வாரி ஒதுக்குவார். அக்கா அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து போய் மேட்டில் கொட்டுவாள். அவள் கைகள் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். அந்தக் கைக்கு அளவெடுக்க எனக்கு டேப்பே தேவைப்பட்டதில்லை.

அந்த வருடம் சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளில், ஒரு ரவிக்கைத் துணியைக் கொண்டு வந்து என் மேஜைமேல் போட்டாள்.

"பழைய அளவே வெச்சுத் தைடி."

பழைய அளவில் தைத்ததைத்தான் போட்டிருந்தாள். அது கைச் சதையைக் கவ்விப் பிடித்திருந்தது. அளந்து பார்த்தேன். நன்றாகவே கூடியிருந்தது. முகமும் உப்பலாகத் தெரிந்தது.

"இன்னாக்கா, குண்டாயிட்டியா?"

"சோறே எறங்க மாட்டேங்குது, எங்க குண்டாவறது? காலைல எழுந்தா வாந்தி வருது."

குனிந்து அவள் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். "வெயில்ல நின்னா அப்படித்தான் வீங்கும்," என்று புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

உள்ளூர் டாக்டர் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். வீக்கம் கொஞ்சம் இறங்கியது, பிறகு இன்னும் அதிகமாக ஏறியது. மூச்சு வாங்க ஆரம்பித்தபோது நானும் மாமாவும் அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டரம்மா, என்னைவிட வயதில் சின்னவர், அக்காவின் நாற்காலியைத் தன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"உடம்பு வலிக்கு மாத்திரை சாப்பிடுவீங்களா?"

"வேலை முடிஞ்சு வந்தா ஒண்ணு போட்டுப்பேன். எங்க ஆளுங்க எல்லாருமே போட்டுக்கறதுதான்."

"தண்ணி எவ்ளோ குடிப்பீங்க?"

அக்கா ஓரக்கண்ணால் மாமாவைப் பார்த்தாள். மாமா இருந்ததால் கூச்சம். நான் சொன்னேன். உப்பளத்தில் ஒரு செடி கிடையாது, ஆளை மறைக்கிற அளவுக்கு ஒரு மேடு கிடையாது. பெண்கள் ஒதுங்க இடமில்லை. அதனால் வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் ஒரு டீயோடு சரி. வீட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் தண்ணீரைத் தொடுவதில்லை. இதை யாரும் கஷ்டம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பல் விளக்குகிற மாதிரி அது ஒரு பழக்கம்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. ரொம்ப நாளாவே பிரஷர் இருந்திருக்குது, பார்க்காம விட்டுட்டீங்க. மாத்திரையும் கெடுத்திருக்கும். ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சும்மா. இனிமே டயாலிசிஸ்தான்."

"அது பண்ணா சரியாயிடுமா?" என்று கேட்டாள் அக்கா.

"சரியாகாதுங்க. கிட்னி செய்யற வேலைல கொஞ்சத்த மெஷின் செஞ்சு குடுக்கும். உயிரோட இருக்கலாம்."

"எவ்ளோ நாளைக்குப் பண்ணணும்?"

"இருக்கற வரைக்கும்."

அக்கா தலையை ஆட்டினாள். கங்காணியிடம் ஒரு கூடைக் கணக்குக்காக உப்பளம் முழுக்கக் கேட்கச் சண்டை போடுகிறவள். அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வெளியே வந்ததும் மாமாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் கழுத்தில் ஒரு குழாயைச் செருகி அதன் வழியாகச் செய்தார்கள். பார்க்கவே பயமாக இருக்கும். பிறகு இடது கையில் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்து, சுத்த ரத்தம் போகிற குழாயையும் அசுத்த ரத்தம் திரும்புகிற நரம்பையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஃபிஸ்டுலா என்றார்கள். கொஞ்ச நாளில் அந்த நரம்பு தடித்துப் புடைத்துக்கொண்டது. அதில்தான் ஊசி குத்த வேண்டும். அதன் மேல் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் பாய்கிற அதிர்வு தெரியும். அந்த அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அது நின்றுபோனால் அந்தக் கையில் இனி ஊசி குத்த முடியாது என்று அர்த்தம். மாமா ஒரே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் தொடவில்லை. அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதில் பிரஷர் பார்க்கக் கூடாது, அதைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. கூடை சுமந்த கையை அவள் பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள்.

மெஷின் என்ன செய்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அங்கே வேலை செய்த டெக்னீஷியன் பெண். குயிலாப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண்.

"இந்தக் குழாய்ல அக்கா ரத்தம் வெளிய வருதா? வந்து இந்த ஃபில்டர் உள்ள போவுது. இதுக்குள்ள முடிய விட மெல்லிசா குழாய் ஆயிரக்கணக்குல இருக்குது. ரத்தம் அதுக்குள்ள ஓடும், வெளிய சுத்தி மருந்துத் தண்ணி ஓடும். ரத்தத்துல இருக்கற அழுக்கும் அதிகமா இருக்கற தண்ணியும் அந்தப் பக்கம் போயிடும். மிச்சம் இந்தக் குழாய்ல திரும்ப உள்ள போயிடும்."

"ஒடம்புல இருக்கற ரத்தம் பூரா ஒரே நேரத்துல வெளிய வந்துடுமா?" என்று கேட்டாள் அக்கா.

"சேச்சே. எப்பப் பார்த்தாலும் ஒரு டம்ளர் அளவுதான் வெளிய இருக்கும். போயிட்டுப் போயிட்டு வரும். அதுக்குத்தான் நாலு மணி நேரம்."

வாரத்துக்கு மூன்று நாள். காலையில் முதல் ஆட்களில் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்பதால் விடிவதற்குள் பஸ் பிடிப்போம். மாமாவுக்கு வேலையை விட முடியாது. அக்காவின் ஒரே மகள் பொம்மையார்பாளையத்தில் கைக்குழந்தையோடு இருந்தாள். அதனால் நான்தான் துணைக்குப் போனேன். கடையைச் சாத்திவிட்டுப் போகிற நாட்களில் கைவேலையை எடுத்துக்கொண்டு போவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைப்பேன், புடவைக்கு ஓரம் அடிப்பேன். குழாயில் அவள் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். முதல் சில நாட்கள் அதைப் பார்க்காமல் தைத்தேன். பிறகு அது கண்ணில் படுவதே இல்லை.

முதலில் எடை பார்ப்பார்கள். சிறுநீர் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. அதனால் குடித்த தண்ணீரெல்லாம் உள்ளேயே தங்கி எடையாகத்தான் தெரியும். எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவையும் அந்த நாலு மணி நேரத்துக்குள் மெஷின் உறிஞ்ச வேண்டும். நிறைய உறிஞ்சினால் கெண்டைக்காலில் தசை முறுக்கிக்கொள்ளும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள், நான் ஓடிப் போய்க் காலைப் பிடித்து நீவிவிடுவேன். சில நாள் பிரஷர் இறங்கி முகம் வெளுத்துப்போகும். முடிந்து எழுந்தால் பத்துக் கூடை கூடுதலாகச் சுமந்த மாதிரி இருக்கிறது என்பாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வருவாள். அந்த நாள் அதோடு போய்விடும். மறுநாள் கொஞ்சம் தெளிவாக இருப்பாள். அதற்கு மறுநாள் மறுபடியும் பஸ்.

இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது. காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். கருவாட்டை வாசற்படியே ஏற்றக் கூடாது. உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. தண்ணீரை அளந்து ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவாள். அவ்வளவுதான் அன்றைக்கு. சித்திரை வெயிலில் அந்த பாட்டில் மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். அப்புறம் ஈரத்துணியை உதட்டில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் கிளியனூர்க்காரர் ஒருவர் இருந்தார். மணிலாக் கடலை பயிர் செய்கிறவர். பல வருடமாக வந்துகொண்டிருந்தார். அவர் கையில் நரம்பு பாம்பு சுருண்ட மாதிரி இருக்கும். அக்கா முதல் மாதம் அவரைப் பார்த்துத்தான் தைரியமாக இருந்தாள்.

"ஒண்ணும் ஆவாது தங்கச்சி. மெஷினுக்கு வேலை குடுக்கறதுக்கு நாம வர்றோம்னு நெனச்சுக்கோ. அதுவும் பொழைக்கணும் இல்ல," என்பார்.

"உங்களுக்கு வெளாட்டா இருக்குது," என்பாள் அக்கா. ஆனால் சிரிப்பாள்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஒருநாள் டாக்டரம்மா, வீட்டில் யாராவது ஒரு கிட்னி கொடுக்க முடியுமா, யோசித்துப் பாருங்கள் என்றார். ஆபரேஷனை அரசுக் காப்பீட்டில் சென்னையிலேயே செய்துகொள்ளலாம் என்றார். அக்காவின் வயதுக்கு இந்த மெஷினை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

மாமா அன்றைக்கே சட்டையைத் தூக்கிக் காட்டினார். பரிசோதித்தபோது அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது, முடியாது என்று விட்டார்கள். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அக்கா அவளைத் திட்டி அனுப்பிவிட்டாள். "அவ வவுத்துல கத்தி பட்டுதுன்னா நான் அந்த மெஷினுக்கே போவ மாட்டேன். இப்பயே செத்துடுவேன்," என்றாள். அதற்குமேல் அவளிடம் யாராலும் பேச முடியவில்லை.

அக்காவிடம், நான் தருகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தன் கையில் இருந்த பிளாஸ்டரை நிமிண்டிக்கொண்டிருந்தாள். வாழ வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

என் வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். விஷயத்தைச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒண்ண மட்டும் வெச்சுக்கினு இருக்க முடியுமா?"

"இருக்கலாம்னு சொல்றாங்க."

"நாளைக்கு அதுவும் கெட்டுப்போச்சுன்னா? நம்ம பசங்கள்ல ஒருத்தன் குடுக்கணுமா?"

அவர் தள்ளி வைத்த தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன். சில நாள் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில், அக்காவோடு நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, தானும் வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். டாக்டரம்மாவிடம் தன் கேள்விகளை எல்லாம் கேட்டார். பிறகு டயாலிசிஸ் அறைக்குள் வந்து, அக்கா படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று சாயங்காலம், "எங்க கையெழுத்துப் போடணும்னு கேளு," என்றார்.

சோதனைகள் பல மாதம் நடந்தன. ரத்த வகை சேர்ந்தது. மற்றதும் ஓரளவு சேர்ந்தது என்றார்கள். அதிகாரிகள் குழு ஒன்று என்னைத் தனியாக உட்கார வைத்து, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டது. இல்லை என்றேன். ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "அக்கா," என்று மட்டும் சொன்னேன். அவர்கள் இன்னும் ஏதோ எதிர்பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது இடுப்பில் யாரோ கட்டையால் அடித்துப் போட்ட மாதிரி வலி. முதலில் கேட்டது அக்காவைப் பற்றித்தான். "உங்க கிட்னி டேபிள் மேலயே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு," என்றார் நர்ஸ். இரண்டு நாள் கழித்து என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கொண்டு போனார்கள். அக்கா உள்ளே படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வலது கையைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைக் காட்டினாள். நிறைய சிறுநீர். மாமா என் பக்கத்தில் நின்று கையைக் கூப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கும்பிட்டாரா, அந்தப் பையைக் கும்பிட்டாரா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருடத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. நன்றாக இருந்த காலத்தில் எதையும் கவனித்து வைத்துக்கொள்வதில்லை. அக்கா முகக்கவசம் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள். தண்ணீர் குடித்தாள், மோர் குடித்தாள். நிறையக் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உப்பளத்துக்குத் திரும்ப முடியாது. என் கடைக்கு வந்து உட்கார்ந்து கொக்கி தைக்கக் கற்றுக்கொண்டாள். தையல் கோணல் கோணலாக இருக்கும். அவள் போன பிறகு பிரித்துவிட்டு நான் தைப்பேன். தினமும் வேளை தவறாமல் மாத்திரை. இது உனக்குச் சொந்தமில்லாத உறுப்பு என்று உடம்புக்குத் தெரியாமல் மறைத்து வைக்கிற மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றின் வலது பக்கம், அடியில், அதை வைத்துத் தைத்திருந்தார்கள். அவள் அங்கே கையை வைத்துக்கொண்டு, "உன்னுது இன்னைக்கு நல்லா வேல செஞ்சுது," என்பாள். தன்னுடையது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்ததுதான். மற்றவர்களுக்கு ஓரிரு நாளில் நின்றது. அவளுக்கு நிற்கவில்லை, மாத்திரையும் வயிற்றில் தங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. அது குறைவாக இருந்தால் கிட்னி வேலை செய்கிறது, ஏறினால் இல்லை. இந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், படிக்காத மாமாவுக்கும் தெரியும். சென்னைக்கு அழைத்துப் போனோம். வயிற்றில் ஊசி விட்டுச் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பெரிய பெரிய ஊசி போட்டார்கள். முகம் ஊதிப் போனது. கொஞ்சம் இறங்கும், மறுபடியும் ஏறும். அப்படியே சில மாதம் இழுத்தது. கடைசியில் அங்கே இருந்த டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"உடம்பு அத ஏத்துக்கலைங்க. எவ்ளவோ பார்த்துட்டோம். யார் மேலயும் தப்பு இல்ல. திரும்ப டயாலிசிஸுக்குப் போகணும்."

அக்கா கேட்டாள்: "அப்போ அவளுதத் திருப்பி எடுத்து அவளுக்கே வெச்சுட முடியாதுங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது முடிஞ்சு போச்சும்மா," என்றார். தொந்தரவு தராத வரைக்கும் அதை எடுக்க மாட்டார்கள், உள்ளேயே இருக்கும் என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். மரக்காணம் நெருங்குகையில், "உன்னுத வீணாக்கிட்டேன்டி," என்றாள்.

"நீ இன்னாக்கா பண்ணுவ," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆனாலும் அந்த நேரத்தில் என் இடுப்பில் இருந்த தழும்பு வலிக்கிற மாதிரி இருந்தது. பல மாதமாக வலிக்காத தழும்பு.

பழைய கையில் அதிர்வு எப்போதோ நின்றுபோயிருந்தது. தேவையில்லை என்று யாரும் கவனிக்கவில்லை. மறுபடியும் கழுத்தில் குழாய். பிறகு வலது கையில் ஃபிஸ்டுலா செய்தார்கள். அது சரியாக வளரவில்லை, இன்னொரு முறை செய்தார்கள். பழைய அறைக்கே போனோம். கிளியனூர்க்காரர் அதே கட்டிலில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், ஊசி இருந்ததால் முடியவில்லை. "வாம்மா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதல் தடவை டயாலிசிஸுக்கு வந்தபோது அவளிடம் உப்பு சுமந்த உடம்பு இருந்தது. இரண்டாம் தடவை அது இல்லை. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். மெஷின் தண்ணீரை இழுக்க ஆரம்பித்ததும் பிரஷர் விழுந்துவிடும். அதனால் பாதியில் நிறுத்துவார்கள். எடுக்க வேண்டிய தண்ணீரை எடுக்காமலே வீட்டுக்கு வருவோம். இரவில் படுக்க முடியாது, உட்கார்ந்தபடி தூங்குவாள். உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்து சொறிந்து தோல் கறுத்துவிட்டது. டெக்னீஷியன் பெண் ஊசி குத்த நரம்பு தேடித் தேடிப் பார்ப்பாள். சில நாள் அந்தப் பெண்ணே கண் கலங்கிப்போய் வேறு ஒருவரைக் கூப்பிடுவாள். அக்கா முனகக்கூட மாட்டாள்.

ஒரு காலையில் நான் போய்க் கூப்பிட்டபோது கட்டிலை விட்டு எழவில்லை.

"நீ போய்க் கடையத் தொற. நான் இனிமே வரல."

உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து, ஆட்டோ கொண்டு வரட்டுமா என்றேன்.

"அதுக்கு இல்லடி. போதும்."

மாமா என்னை வெளியே அழைத்துப் போய், "நீ சொன்னா கேப்பா. நீ சொல்லும்மா," என்றார். உள்ளே போய்ச் சொன்னேன். பேரப்பிள்ளையைச் சொன்னேன், மாமாவைச் சொன்னேன், கிளியனூர்க்காரர் இத்தனை வருடம் இருக்கவில்லையா என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அவர் ஒடம்பு தாங்குது, இருக்காரு. நான் பஸ்ல போறதும் வர்றதும்தான் இப்போ நான் உசுரோட இருக்கறது. நடுவுல ஒண்ணும் இல்லடி. நீயே பார்த்துக்கினுதானே இருக்க?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். அவரும் அக்காவிடம் பேசினார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். தூக்கம் அதிகமாகும், மூச்சு முட்டலாம், அதற்கு மருந்து தருகிறேன், எந்த நேரம் மனசு மாறினாலும் வாருங்கள் என்றார். "சரிங்கம்மா, உங்களுக்கு நல்ல மனசு," என்று சொல்லி போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

மகள் வந்து சண்டை போட்டாள், அழுதாள், பிறகு அங்கேயே தங்கிவிட்டாள். நான் கடையைத் திறக்கவில்லை. அக்கா முதல் ஓரிரு நாள் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டில் உப்புப் போடச் சொன்னாள். கருவாட்டுக் குழம்பு கேட்டாள். மகள் வைத்துக் கொடுத்தாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "ருசியே தெரியலடி," என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வேறு எதற்கும் அழவில்லை. பிறகு விக்கல் வந்தது, விடாத விக்கல். பிறகு தூக்கம். கூப்பிட்டால் கண்ணைத் திறப்பாள், யாரென்று தெரிந்த மாதிரி இருக்கும், மூடிக்கொள்வாள். ஒரு மத்தியானம் மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு நீளமாக வந்தது, பிறகு வரவில்லை. மாமா கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டே இருந்தார்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையோடு நின்றுவிட்டோம். மேளம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தபோது, என் உடம்பின் ஒரு துண்டும் அதில் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் ஒரு துக்கமும் வரவில்லை. கை கால் அலுப்பாக மட்டும் இருந்தது. வீட்டுக்குத் திரும்பிக் குளித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காரியம் முடிவதற்குள் டெக்னீஷியன் பெண் போன் செய்தாள். விஷயம் அவளுக்குத் தெரியும். கேட்கத் தயங்கினாள்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. அக்காவோட மெஷின் டைமை வேற ஒருத்தருக்குக் குடுக்கச் சொல்றாங்க. ஒங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்யலாம்னு..."

"குடும்மா," என்றேன். "யாருக்கு?"

"ஒரு பொண்ணு. காலேஜ் படிக்குது."

நான் போனை வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றி அதற்கு மேல் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

கிட்னி கொடுத்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். அக்கா இறந்த வருடம் நான் போகவில்லை. இந்த முறை என் வீட்டுக்காரர் விடவில்லை, தானே அழைத்துப் போனார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இருக்கிற ஒரு கிட்னி முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது என்றார்.

"அது நல்லதுங்களா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நல்லதுதான். ரெண்டு செய்ய வேண்டிய வேலைய ஒண்ணே செய்யுது இல்ல, அதனால வளர்ந்துக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தோம். என் வீட்டுக்காரர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார். பசிக்கவில்லை என்றேன். வெயிலில் நின்று மரக்காணம் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.